ஆறாம் நம்பர் அறையில் மறந்தவை

எங்கள் லாட்ஜம்மாவுக்கு யாரும் எதையும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால் சரிவில் அவர் நடத்திய எட்டு அறை லாட்ஜில் இரண்டு நாள் தங்குவார்கள். ஏரியில் படகு ஓட்டி, மிளகாய் பஜ்ஜி தின்று, புருஷன் பெண்டாட்டி சண்டையை ஒரு தவணை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். கிளம்புகிற அவசரத்தில் அவர்கள் மறந்து வைத்ததில்தான் லாட்ஜம்மாவின் குடித்தனம் நடந்தது.

உடம்பில் யாரோ பெங்களூர்க்காரரின் ஸ்வெட்டர். தலையில் ஏதோ குழந்தையின் குரங்குக் குல்லா, பாதிக் காது வரைதான் எட்டும். இரண்டு காலிலும் இரண்டு நிறத்தில் சாக்ஸ். மூக்குக்கண்ணாடி மூன்றாம் நம்பரில் தங்கிய ஒரு பெரியவர் விட்டுப்போனது. அதில் வலது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் இடது கண்ணை மூடிக்கொண்டு பேப்பர் படிப்பார். புதிதாக வருகிறவர்கள் தங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று நினைத்துச் சங்கடப்பட்டதுண்டு. சேலத்தில் நல்ல கண்ணாடியாக ஒன்று போட்டுக்கொள்ளலாமே என்று ஒருமுறை சொன்னேன். இன்னொரு கண்ணுக்குப் பொருத்தமானவர் என்றைக்காவது வந்து தங்காமலா போய்விடுவார் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் சட்டதிட்டம் உண்டு. அறைகளைப் பெருக்குகிற காவேரி, செம்மநத்தத்திலிருந்து காலை ஜீப்பில் வருகிறவள், எது கிடைத்தாலும் லாட்ஜம்மாவின் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். அவர் ஒரு துண்டுச் சீட்டில் அறை எண்ணையும் பொருள் கிடந்த இடத்தையும் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு அதோடு கட்டிவைப்பார். ‘ரூம் 2, கட்டிலுக்கு அடி.’ ‘ரூம் 7, பாத்ரூம் ஜன்னல்.’ விட்டுப்போனவர் தேடி வந்தால் பொருள் பத்திரமாகத் திரும்பிப் போகும். ஒரு தங்கச் சங்கிலியை ஐந்து மாதம் முந்தானையில் முடிந்துவைத்திருந்து, அழுதுகொண்டு வந்த பெண்ணிடம் கொடுத்ததை நானே பார்த்தேன். நகைக்குக் கெடுவே கிடையாது. மற்றவற்றுக்கு உண்டு. கம்பளிக்கு மூன்று மாதம். குடைக்கு ஒரு மழைக்காலம். தின்பண்டத்துக்கு மத்தியானம் வரை. மருந்துக்கு ஒரு ராத்திரி. கெடு தாண்டினால் அது லாட்ஜம்மாவுக்குச் சொந்தம். குப்பைத்தொட்டியில் கிடந்தாலும் அது விட்டுப்போன பொருள்தான்.

மருந்துக்கு மட்டும் ஏன் ஒரே ராத்திரி என்று கேட்டேன்.

“மருந்து ஆறிப்போனா வேல செய்யாது கண்ணு” என்றார்.

நான் தோட்டக்கலை அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்து, ஆத்தூரிலிருந்து மலையேறி வந்து, ஆறாம் நம்பரில் மாத வாடகைக்கு இருந்தவள். மற்றவர்களைப்போல் நானும் சீக்கிரம் கிளம்பிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, முதல் மாதம் முழுக்க என் பெட்டியையும் ஃபிளாஸ்க்கையும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துகளுக்கென்று ஒரு நீல பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். மலைக்குக் காற்று வாங்க வருகிறவர்கள் எத்தனை மாத்திரையோடு வருகிறார்கள் என்பது அந்த டப்பாவைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மீன் எண்ணெய்க் குளிகை, பூண்டுக் குளிகை, மெக்னீசியம், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, முடி கொட்டாமலிருக்க ஒன்று. உடற்பயிற்சி செய்கிற பையன்கள் விட்டுப்போன புரோட்டீன் மாவைக் கேழ்வரகுக் கூழில் கரைத்துக் குடிப்பார். தேனிலவுக்கு வந்த ஜோடி விட்டுப்போன ஒரு லேகியத்தைப் பத்து நாள் வழித்துத் தின்று, மூட்டு வலி கொஞ்சம் கேட்கிறது என்றார். அதன் மேல்சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதைக் காவேரிதான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தாள். லாட்ஜம்மாவுக்கு ஒரு கூச்சமும் இல்லை. நல்ல சாமானை வீணாக்குகிறவன்தான் வெட்கப்பட வேண்டும் என்பது அவர் கட்சி.

ஒரு தையிலோ மாசியிலோ அவருக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிட்டது. விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் கழுவுவார். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவார். அறுபத்தாறு வயது. உடம்பு இளைத்து, பெங்களூர்க்காரர் ஸ்வெட்டர் தொளதொளவென்று தொங்கியது. டம்ளரை நீட்டினால் கை நடுங்கிக் காபி தளும்பும். நான் அதைப் பார்த்தேன். குளிர் என்று நினைத்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்க உத்தியோகம் அப்படித்தான் ஆளைப் பழக்கிவிடுகிறது.

பிறகு ஒரு நாள் படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் கோழி சிறகடிக்கிறது என்றார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு துடிப்பு வேகமாக வந்தது, ஒன்று வரவில்லை, பிறகு நான்கு ஒன்றாக விழுந்தது. கணக்குக்கே அடங்கவில்லை. உடனே பஸ் ஏற்றிச் சேலத்துக்கு அழைத்துப் போனேன்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. லாட்ஜம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. பன்னிரண்டாம் நம்பர் பலகையைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார். ஐந்தாம் நம்பர் வளைவில் முகம் தெளிந்தது. சேலத்தில் இறங்கியபோது நெஞ்சு அடங்கிவிட்டது. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். கோடு பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒழுங்காக வந்தது. வாயுத் தொல்லையாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார். அடுத்த மாதமும் அதே கோழி, அதே வாந்தி, அதே ஒழுங்கான கோடு. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனதும் லாட்ஜம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். டாக்டருக்கு இதில் வேலையில்லை, குணப்படுத்துவது வளைவுகள்தான்.

அதன்பின் நெஞ்சு படபடத்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பஸ் ஏறுவார், வாந்தி எடுப்பார், சேலம் பஸ் நிலையத்தில் ஒரு டீ குடிப்பார், அதே பஸ்ஸில் திரும்பி வருவார். கண்டக்டருக்கே பழகிப்போய்விட்டது.

“ஏனுங்கம்மா, இன்னைக்கு வைத்தியத்துக்குங்களா, சாமான் வாங்கவா?” என்று கேட்டுவிட்டு, வைத்தியம் என்றால் ஜன்னலோரம் இருப்பவரை எழுப்பிவிட்டு இடம் கொடுப்பார். பஜாரில் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் படபடப்பு என்று அவரோடு போக ஆரம்பித்தார்கள். ஓட்டுநர் ஒரு நாள் வளைவை மெதுவாக எடுத்ததற்கு, இப்படி உருட்டினால் வியாதி எப்படிப் போகும் என்று லாட்ஜம்மா அவரைக் கடிந்துகொண்டாராம்.

நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில் சேலத்தில் இதய நிபுணர் ஒருவரிடம் நான் நாள் வாங்கி, படபடப்பே இல்லாத ஒரு புதன்கிழமை, சாமான் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன். நிபுணர் இளவயதுக்காரர். பஸ் வைத்தியத்தைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். நெஞ்சில் நாலைந்து ஒயரை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டி, இதோடு ஒரு நாள் முழுக்க இருங்கள், குளிக்க வேண்டாம் என்று அனுப்பினார். அடுத்த முறை வரும்போது வீட்டில் சாப்பிடுகிற மருந்து மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். லாட்ஜம்மாவுக்கு அந்தப் பெட்டி மிகவும் பிடித்துவிட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று தெரிந்ததும்தான் முகம் வாடினார்.

பெட்டி கோழியைப் பிடித்துவிட்டது. அன்று பிற்பகல் நான்கு மணி நேரம் அது சிறகடித்திருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று நிபுணர் பெயர் சொன்னார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன, ஆரம்பத்தில் இது தானாக வரும், தானாகப் போகும், நீங்கள் சேலம் வந்து சேர்வதற்குள் போயிருக்கிறது, அதற்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை என்றார். லாட்ஜம்மா நம்பாமல் தலையாட்டினார்.

பிறகு நிபுணர் நீல டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார். மேஜை போதவில்லை. இதையெல்லாம் தினமும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

“அதெப்படீங்க எல்லாத்தையும் சாப்பிடறது? திங்கக்கெழம மீனெண்ணெ, செவ்வாக்கெழம பூண்டு. வாரத்துக்கு ஒருக்கா எல்லாத்துக்கும் மொற வந்துருமுங்க. இந்தப் பாட்டில் மட்டுந்தான் தெனமும். காலைல வெறும் வயித்துல. நொம்ப நல்ல மாத்திரைங்க.”

அது ஒரு சின்னப் பாட்டில். நிபுணர் மேல்சீட்டைப் படித்தார். அவர் முகம் மாறியது. ரப்பர் பேண்டைக் கழற்றி, அதிலிருந்த துண்டுச் சீட்டை வாய்விட்டுப் படித்தார். ‘ரூம் 6, குப்பைத்தொட்டி.’

“ஆறாம் நம்பர் யாரு?” என்றார்.

லாட்ஜம்மா பெருமையோடு என் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்குத் தைராய்டு குறைபாடு உண்டு. பொங்கலை ஒட்டி டாக்டர் என் மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தார். பழைய அளவுப் பாட்டிலில் நிறைய மீதியிருந்தும் வேண்டாம் என்று தொட்டியில் வீசிவிட்டு அலுவலகம் போய்விட்டேன். காவேரி எடுத்திருக்கிறாள், லாட்ஜம்மா ஒரு ராத்திரி காத்திருக்கிறார், நான் கேட்கவில்லை. தைராய்டு சரியாக இருப்பவர் அந்த மாத்திரையைத் தின்றால் இதயத்தைச் சாட்டையால் அடித்து விரட்டுவது மாதிரி என்றார் நிபுணர். லாட்ஜம்மாவின் சுறுசுறுப்பு, இளைப்பு, கை நடுக்கம், நெஞ்சின் கோழி எல்லாம் என் குப்பைத்தொட்டியிலிருந்து வந்தவை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

லாட்ஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ இங்க வந்தப்ப தூங்குமூஞ்சியா இருந்த. அதச் சாப்பிட்டுத்தான் தெளிஞ்ச. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நீ வீசுன, நான் பொறுக்குனேன். உம்மேல என்ன தப்பு கண்ணு?”

நிபுணர் எங்கள் இருவரையும் சரிசமமாகத் திட்டினார். அந்தப் பாட்டிலை நிறுத்தினாலே நெஞ்சு பெரும்பாலும் அடங்கும், ஆனால் மறுபடி வராது என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது என்றார். வயதும் ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. மேலறை நடுங்குகிறபோது ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும், அது மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், பேச்சு போய்விடும். அதனால் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, தினமும் ஒன்று, ஒரு நாளும் தவறக் கூடாது. அதைச் சாப்பிடும்போது பூண்டுக் குளிகை, மீன் எண்ணெயெல்லாம் தன்னிஷ்டத்துக்குச் சேர்த்தால் ரத்தம் கசியும், டப்பாவைக் கொட்டிவிடுங்கள். உப்பைக் குறையுங்கள், நன்றாகத் தூங்குங்கள், நடங்கள். காபியை விட்டுவிட வேண்டுமா என்று லாட்ஜம்மா கேட்டார். இரண்டு வேளை குடிக்கலாம் என்றார் நிபுணர். அந்த இடத்தில்தான் லாட்ஜம்மாவுக்கு அவர்மேல் மரியாதை போனது. காபியை நிறுத்தத் தெரியாதவர் என்ன பெரிய டாக்டர் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

என் பாட்டிலை நிறுத்திய இரண்டு மாதத்தில் கோழி அடங்கியது. ஆனால் அதோடு தொல்லை முடியவில்லை. ஒரு நாள் பழைய டப்பா இருந்த அலமாரியில் புது டப்பா ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரை, பட்டை பட்டையாக. எண்ணினேன். இரண்டு மாதத்தில் பதினோரு மாத்திரைதான் சாப்பிட்டிருந்தார்.

“நல்லா இருக்கற நாள்ல எதுக்கு கண்ணு சாப்பிட்டு வீணாக்கறது? காசு போட்டு வாங்குனது. முடியாதப்ப ஆகும்னு எடுத்து வச்சிருக்கறேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். யாரோ ஊர் பேர் தெரியாதவன் விட்டுப்போன லேகியத்தை வழித்துத் தின்பீர்கள், உயிரைக் காப்பாற்ற எழுதிக் கொடுத்ததைப் பூட்டி வைப்பீர்களா, ஒரு நாள் காலையில் வாய் கோணிக் கிடக்கும்போது அந்தப் பட்டையை யார் பிரித்துத் தருவார்கள் என்று கேட்டேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேப்பர் படித்தார். அந்த மனுஷியை எனக்கு அத்தனை பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. என் குப்பையால் வந்த வியாதி வேறு.

அந்த வருஷமே எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற நாள் அவசரத்தில் அவருக்காக வாங்கி வைத்திருந்த மூன்று பட்டை மாத்திரையைக் கொடுக்க மறந்து, மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவருடைய பட்டன் போனிலிருந்து மிஸ்டு கால் வந்தது. அந்தப் போனும் ஐந்தாம் நம்பரில் கிடைத்தது. அவராகக் கூப்பிட்டு யாரோடும் பேசியதில்லை. ஒரு மணி அடித்து நிறுத்திவிடுவார், நாம்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன்.

“ஆறாம் நம்பர்ல மாத்திரை விட்டுட்டுப் போயிட்ட. ஒரு ராத்திரி பாத்தேன், நீ கேக்கல. சாப்பிட ஆரம்பிச்சுட்டேன். இனி கேட்டாலும் தரமாட்டேன்” என்றார்.

தினமும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். கிடைத்த மருந்தை ஆறவிடுவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவருக்கு எப்படி மருந்து கொடுப்பது என்று எனக்கு அப்போது விளங்கியது. நிபுணருக்குப் படிப்பில் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மலையேறினேன். ஆறாம் நம்பரில் ஓர் இரவு தங்கினேன். அடுத்த முறை நான் வரும்வரை எத்தனை நாளோ அத்தனை மாத்திரையை எண்ணி, மிச்சப் பட்டையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, எண்ணியதை மேஜையில் மறந்துவிட்டு வந்தேன். காவேரி கண்டெடுத்தாள், சீட்டு எழுதப்பட்டது, ஒரு ராத்திரி கழிந்தது. அதற்கடுத்த மாதம் ஜன்னலில் மறந்தேன். பிறகு தலையணைக்கு அடியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபுணரிடமும் அழைத்துப் போனேன். வளைவுகளில் வழக்கம்போல் வாந்தி எடுத்துவிட்டு வந்து, பஸ்ஸால்தான் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று அவரிடமே சொல்வார். அவரும் மாத்திரையை நிறுத்தாமல் பஸ்ஸில் போங்கள் என்பார். இப்படி மூன்று வருஷம் ஓடியது. எவ்வளவு சாமர்த்தியமாகக் கிழவியை ஏமாற்றுகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு முறை தேர்தல் வேலை வந்து, அடுத்த நடை ஐந்து வாரம் கழித்துத்தான் என்று ஆனது. முப்பத்தைந்து எண்ணிக் கத்தரித்து, கண்ணாடி ஸ்டாண்டில் மறந்துவிட்டு வந்தேன். ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் இருக்கும்போது லாட்ஜம்மாவின் எண்ணிலிருந்து மணி அடித்தது. நிற்கட்டும், திரும்பக் கூப்பிடலாம் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. கை கால் விழுந்துவிட்டது, வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எடுத்தேன்.

லாட்ஜம்மாதான் பேசினார். பேச்சு தெளிவாக இருந்தது.

“கண்ணு, இந்தத் தடவ நீ முப்பத்தஞ்சு மறந்திருக்கோணும். முப்பத்திநாலுதான் மறந்துட்டுப் போயிருக்கற. சனிக்கெழமையோட தீந்துரும். ஞாயித்துக்கெழம நீ மறந்துட்டுப் போயி, ஒரு ராத்திரி கழியற வரைக்கும் நான் என்ன பண்றது?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பக்கம் அவர், காசு ஓடுகிறது பேசு என்றார்.

“வெள்ளிக்கெழமையே வந்து மறந்துட்டுப் போறேனுங்கம்மா” என்றேன்.

“செரி” என்று வைத்துவிட்டார்.